ஆண்டுவிழா ஸ்டிக்கருக்குப் பின்னால் இருப்பது எந்த ஆல்பம்?

பழைய ஹிப் ஹாப் ஆல்பங்களுக்கு ஆண்டுநிறைவுப் பதிப்பு வெளியிடும் அமெரிக்க இசை நிறுவனங்களின் கேட்டலாக் பிரிவு (பழைய வெளியீடுகளைக் கவனிக்கும் பிரிவு) பொறுப்பாளர்களுக்கு,

25, 30, 35 என்று எண் போட்ட ஸ்டிக்கரோடு நீங்கள் கடைக்கு அனுப்பும் தட்டுகளில் பலவும், அந்தத் தேதியில் உண்மையில் வெளிவந்த ஆல்பத்திலிருந்து விலகிப் போய்க்கொண்டிருக்கின்றன. நிறம் நிறமான வினைல் உண்டு, விரித்துப் பார்க்கும் உறை உண்டு, வரிசை எண் இட்ட பிரதி உண்டு. எந்த டேப்பிலிருந்து எடுத்தீர்கள், அச்சுக்கான தட்டில் ஒலித் தடத்தை யார் வெட்டினார்கள், எந்த சாம்பிளை (வேறொரு பழைய பதிவிலிருந்து எடுத்த ஒலித்துண்டை) நீக்கினீர்கள், எதைப் புதிதாக வாசித்துச் சேர்த்தீர்கள் என்ற விவரம் மட்டும் எங்கும் இல்லை. பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றித் தந்தால் நாங்கள் மறுக்கப்போவதில்லை. கள்ளில் தண்ணீரைக் கலந்துவிட்டு மொந்தைக்கு விலை கேட்கிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

இந்தத் தட்டுகளை வாங்குபவர்கள், ஓட்டுபவர்கள், பழைய அச்சையும் புதிய அச்சையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்பவர்கள் எழுதும் மடல் இது. ஆண்டுவிழாவே வேண்டாம் என்பது எங்கள் வாதமல்ல. வெளியீட்டு நாளைக் கொண்டாடுவதாகச் சொன்னால், அன்று கடைக்கு வந்தது எதுவோ அதைத் தர வேண்டும். தர முடியாவிட்டால், தர முடியாத பகுதி எது என்று உறையில் எழுத வேண்டும். எங்கள் கேள்வி அவ்வளவுதான்.

முதலில் சாம்பிள். நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் 'ரெடி டு டை' 1994 செப்டம்பர் 13 அன்று வந்தது. ஓஹயோ பிளேயர்ஸ் குழுவின் 'சிங்கிங் இன் தி மார்னிங்' பாடலிலிருந்து எடுத்த சாம்பிளுக்காக 2006 மார்ச்சில் நாஷ்வில் நீதிமன்றத்தில் ஜூரி தீர்ப்பு வந்து, ஆல்பத்தின் விற்பனையே நின்றது. பிறகு வந்த பதிப்புகளில் அந்த சாம்பிள் கிடையாது. அதாவது, ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாடலே இன்று வாங்குபவருக்கு வேறு பாடலாகத்தான் கிடைக்கிறது. ஸ்னூப் டாக்கின் 'டாகிஸ்டைல்' (1993 நவம்பர் 23) முதல் அச்சில் இருந்த ஒரு பாடல், அனுமதிச் சிக்கலால் அடுத்த அச்சுகளில் காணாமல் போனது. டி லா சோலின் '3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' ஸ்ட்ரீமிங்குக்கு வரவே 2023 மார்ச் 3 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கு மூன்று வாரம் முன்பு, பிப்ரவரி 12 அன்று, குழுவின் ட்ருகாய் இறந்துவிட்டார்.

காரணம் எங்களுக்குத் தெரியாததல்ல. ராப்பர் பிஸ் மார்க்கி மீதான சாம்பிள் வழக்கில் 1991 டிசம்பரில் தீர்ப்பு வரும்வரை சாம்பிள் எடுப்பது பெரும்பாலும் வாய்ப்பேச்சில் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு அனுமதி வாங்க வேண்டும்: ஒலிப்பதிவுக்கு ஒன்று, பாடலின் இயற்றலுக்கு ஒன்று. பழைய ஒப்பந்தங்களில் வினைல், கேசட், சிடி என்று மட்டும் எழுதியிருந்தால் ஸ்ட்ரீமிங்குக்கு மறுபடி பேச வேண்டும். பேச்சு படியாதபோது இரண்டு வழிகளில் ஒன்றில் போகிறீர்கள். துண்டை வெட்டி எறிவது ஒன்று. ஸ்டுடியோவில் ஆள் வைத்து அதே வரியைத் திரும்ப வாசிக்க வைப்பது மற்றொன்று. திரும்ப வாசித்தால் ஒலிப்பதிவுக்கான அனுமதி தேவையில்லை; இயற்றலுக்கான அனுமதி போதும். சட்டப்படி சரிதான். காதுக்குச் சரியில்லை.

ஏன் சரியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். அந்தக் காலத்து பீட்டில் கேட்பது நான்கு பார் (தாளச் சுற்று) பியானோ மட்டுமல்ல. 1970களின் ஓர் அறையில் மைக் பிடித்த காற்று, டேப்பின் இரைச்சல், பல பேர் கை பட்ட தட்டின் கீறல், அதன் மேல் சாம்பிளர் ஏற்றிய சொரசொரப்பு, எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஒலி. இ-மு எஸ்பி-1200 (1987) 12 பிட்டில், 26.04 கிலோஹெர்ட்ஸில் சாம்பிள் எடுக்கும் பெட்டி. மொத்த நினைவகமே சுமார் 10 வினாடி. இடத்தை மிச்சப்படுத்த, 33 வேகத் தட்டை 45இல் ஓடவிட்டுப் பதிந்து, பெட்டிக்குள் சுருதியை இறக்குவார்கள். இறக்கும்போது ஒலியில் மணல்மணலாக ஒரு கரகரப்பு ஏறும். தயாரிப்பாளர்கள் பீட் ராக்கும் லார்ஜ் ப்ரொஃபசரும் இந்தக் குறைபாட்டைத்தான் தங்கள் கையெழுத்தாக்கிக்கொண்டார்கள். 24 பிட்டில் சுத்தமாக வாசித்துப் பதிந்த மாற்று வரியை அந்த இடத்தில் வைத்தால், ட்ரம்ஸ் ஓர் அறையிலும் மெலடி இன்னோர் அறையிலும் நிற்கிறது. திரும்ப வாசித்தே ஆக வேண்டுமென்றால் அதைத் தட்டில் வெட்டி, அந்தத் தட்டிலிருந்து பழைய சாம்பிளரில் ஏற்றி, அதே சுருதி இறக்கத்தோடு எடுங்கள். இந்தப் பெட்டிகள் இன்றும் ஓடும் நிலையில் கிடைக்கின்றன. ஒரு நாள் வேலை கூடும், அவ்வளவுதான்.

ரீமாஸ்டரிங்கிலும், அதாவது பழைய பதிவின் ஒலியைப் புதிய வெளியீட்டுக்காகச் சீரமைப்பதிலும், இதே தவறு வேறு உருவத்தில் வருகிறது. 26.04 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் என்றால் அதில் பாதியான 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அந்தத் துண்டில் உண்மையான ஒலி எதுவும் இருக்க முடியாது. திரையில் வரைபடத்தைப் பார்த்து 'மேல்ஸ்தாயி குறைவாக இருக்கிறதே' என்று பொறியாளர் ஏற்றிவிட்டால், மேலே வருவது ஹைஹாட் அல்ல. இரைச்சலும் சாம்பிளரின் போலி அலைகளும்தான். பிறகு அந்த இரைச்சலை அடக்க நாய்ஸ் ரிடக்‌ஷன் போடுகிறார். அது இரைச்சலோடு சேர்த்து ஸ்னேரின் வாலையும் கத்தரித்துவிடுகிறது. தட்டுக் கீறலை நீக்கும் மென்பொருள் இன்னும் மோசம். திரும்பத் திரும்ப ஓடும் லூப்பில் நான்கு பாருக்கு ஒருமுறை, சரியாக ஒரே இடத்தில் வரும் 'டிக்' சத்தம் பழுதல்ல. அது தாளத்தின் பகுதி. மென்பொருளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தெரிந்த ஆளை உட்கார வையுங்கள். முடிந்தால் அன்று மிக்ஸ் செய்தவரையே கேளுங்கள். 'தி லோ எண்ட் தியரி' (1991 செப்டம்பர் 24) ஏன் இன்றும் அளவுகோலாக இருக்கிறது என்றால், அதைப் படைத்த எ ட்ரைப் கால்டு குவெஸ்ட் (ட்ரைப்) குழு எவ்வளவு காரணமோ, மிக்ஸ் செய்த பாப் பவரும் அவ்வளவு காரணம்.

ஒலி அளவைப் பற்றி நீட்டவில்லை. 1990களின் முதல் பாதி சிடியையும் உங்கள் ரீமாஸ்டரையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால், கிக் ட்ரம்மின் அடி தட்டையாகியிருப்பது யாருக்கும் கேட்கும். ஸ்ட்ரீமிங் தளங்கள் சத்தத்தைத் தாமே சமன் செய்துவிடும் இந்தக் காலத்தில் அப்படி நசுக்குவதால் யாருக்கு லாபம் என்று புரியவில்லை.

இனி வினைல். அதிகம் புலம்பல் இங்கேதான்.

33⅓ வேகத்தில் ஓடும் 12 அங்குலத் தட்டில், பேஸ் நிறைந்த இசைக்கு ஒரு பக்கம் 18 முதல் 20 நிமிடம் வசதி. 22ஐத் தாண்டினால் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். கீழ்ஸ்தாயி ஒலி தடத்தை அகலமாக ஆட்டும். அகலமான தடத்துக்கு இடம் அதிகம் வேண்டும். இடமில்லை என்றால் வெட்டுபவர் மொத்த சத்தத்தையும் குறைப்பார், அல்லது பேஸை வெட்டுவார். சத்தம் குறைந்தால் தட்டின் அடி இரைச்சல் முன்னால் வரும். கணக்கு எளியது. நாஸின் 'இல்மாட்டிக்' (1994 ஏப்ரல் 19) சுமார் 40 நிமிடம். ஒரு தட்டு போதும். 'தி லோ எண்ட் தியரி' 48 நிமிடம். ஒரு தட்டில் திணித்தால் பக்கத்துக்கு 24, ஆகவே இரண்டு வேண்டும். லாரின் ஹில்லின் 'தி மிஸ்எஜுகேஷன்' (1998 ஆகஸ்ட் 25) 77 நிமிடத்துக்கு மேல். இரண்டு தட்டில் பக்கத்துக்கு 19 சொச்சம், ஏறக்குறைய சரி. டூபாக்கின் 'ஆல் ஐஸ் ஆன் மீ' (1996 பிப்ரவரி 13) 130 நிமிடத்துக்கு மேல். அதை நான்கு தட்டுக்குக் குறைவாகப் போடுவது கேட்பவரை ஏமாற்றுவது. உறைக்குச் செலவழித்த பணத்தில் இன்னொரு தட்டு போட்டிருக்கலாமே என்று தோன்றவைக்கும் பதிப்புகள் எங்கள் அலமாரிகளில் நிறைய.

இதில் ஒரு சிக்கல் இருப்பதை நாங்களே ஒப்புக்கொள்கிறோம். பப்ளிக் எனிமியின் 'இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ்' 1988இல் ஒரே தட்டில் 58 நிமிடத்தோடு வந்தது. கேசட்டின் இரு பக்கமும் சம நீளம் இருக்க வேண்டும் என்று திட்டமிட்டு, வெள்ளிப் பக்கம், கறுப்புப் பக்கம் என்று பெயரும் வைத்தார்கள். இரண்டு தட்டாகப் பிரித்தால் ஒலி திருந்தும், அந்த இரு பக்க அமைப்பு போய்விடும். எங்கள் முடிவு: ஒலிக்காகப் பிரியுங்கள். ஆனால் முதல் தட்டு முழுதும் வெள்ளிப் பக்கம், இரண்டாம் தட்டு முழுதும் கறுப்புப் பக்கம் என்று வையுங்கள்; நடு லேபிளில் பழைய பெயரை அச்சிடுங்கள். நிமிடத்தைச் சமன்செய்வதற்காகப் பாடல்களை இடம் மாற்றாதீர்கள். வேறு ஆல்பங்களில் அதுவும் நடந்திருக்கிறது.

பக்கத்தின் கடைசிப் பாடலுக்குத் தனிக் கவனம் வேண்டும். தட்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும், வெளி விளிம்பில் ஊசிக்கடியில் வினாடிக்கு சுமார் 51 செ.மீ. தடம் ஓடுகிறது; உள்ளே லேபிளுக்கு அருகில் அது 21 செ.மீ. தான். அதே ஒலியை அரைவாசிக்கும் குறைவான நீளத்தில் எழுத வேண்டியிருப்பதால் மேல்ஸ்தாயி நொறுங்குகிறது. ராப்பில் குரல் மிக்ஸின் முகப்பிலேயே நிற்கும். 'ஸ்', 'ஷ்' எல்லாம் கூர்மையாக இருக்கும். உட்தடத்தில் அவை துப்பல் போலக் கேட்கும். இதற்கு மருந்து தெரிந்ததுதான்: பக்கத்தை 18 நிமிடத்துக்குள் நிறுத்தி உட்பகுதியைக் காலியாக விடுவது, அந்தப் பாடல்களுக்கு மட்டும் 'ஸ்' ஒலியை அடக்கும் டி-எஸ்ஸரை அளவாகப் போடுவது. முழு ஆல்பத்துக்கும் ஒரே அளவில் டி-எஸ்ஸர் போட்டு எல்லா ராப்பரையும் பல் விழுந்தவராக்குவது மருந்தல்ல.

பேஸ் விஷயத்தில் ஒன்று. இரு சேனலிலும் எதிரெதிர் முகமாக இருக்கும் கீழ்ஸ்தாயி, ஊசியைப் பக்கவாட்டில் ஆட்டாமல் மேலும் கீழும் ஆட்டும். தடம் ஆழமில்லாமல் போகும் இடத்தில் ஊசி குதித்து ஓடிவிடும். அதனால்தான் சுமார் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோனோவாக்கி வெட்டுகிறார்கள். டிஜிட்டலுக்காக அகலப்படுத்திய ரீமாஸ்டர் கோப்பை அப்படியே வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பினால், மோனோவாக்கும்போது பேஸின் பாதி ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. வினைலுக்கென்று தனி மாஸ்டர் வேண்டும் என்று நாங்கள் கேட்பது பகட்டுக்கு அல்ல.

அச்சுக்கூடத்தில் நடப்பவை அடுத்தது. லேக்கர் பூசிய தகட்டில் தடத்தை வெட்டி, அதற்கு உலோகம் பூசி, அதிலிருந்து தாய்த் தகடு, அதிலிருந்து ஸ்டாம்பர் (வினைலை அழுத்தும் அச்சு) என்று போகிற வரிசையில் ஒரு ஸ்டாம்பருக்கு ஆயிரம் தட்டு என்பது வழக்கமான கணக்கு. ஆண்டுவிழாத் தேதியைப் பிடிக்க வேண்டும் என்று அதையே தேயத் தேய ஓட்டினால் கடைசி நூறு பிரதிகளில் மேல்ஸ்தாயி மழுங்கி, இரைச்சல் ஏறியிருக்கும். அச்சு போதிய சூடேறாமலோ நேரம் போதாமலோ அழுத்தினால் வினைல் தடத்தின் அடிவரை போய் நிரம்பாது. ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் துணி கிழிவது போன்ற சத்தம் சில சுற்றுகளுக்குக் கேட்கும். ஆறும் முன் எடுத்து அடுக்கினால் தட்டு வளைந்துபோகும். மேலே இறுக்கமாகச் சுற்றும் பிளாஸ்டிக் உறை மீதியையும் வளைத்துவிடும். நடு ஓட்டை கொஞ்சம் விலகினாலும் நீண்டு ஒலிக்கும் பியானோ சாம்பிள் சுருதி ஏறி இறங்கி ஊசலாடும். ட்ரம்ஸ் மட்டும் இருக்கும் இடத்தில் இது தெரியாது. பீட் ராக்கின் ஹார்ன் லூப்பில் உடனே தெரியும்.

மூன்று நிறம் கலந்து தெறித்தாற்போன்ற வினைல், படம் அச்சிட்ட தட்டு இவற்றை அழகுக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள், வாங்கட்டும். ஆனால் படத் தட்டின் இரைச்சல் எல்லோருக்கும் தெரிந்தது. கலவை நிறங்களில் வெவ்வேறு கட்டிகள் வெவ்வேறு மாதிரி உருகுவதால் தரம் தடுமாறும். எளிய கறுப்பு வினைல் பதிப்பு ஒன்றை அதே நாளில், அதைவிடக் குறைந்த விலையில், எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லாமல் வையுங்கள். 180 கிராம் என்று ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் போடுவதையும் கொஞ்சம் குறைக்கலாம். ஒழுங்காக வெட்டி அச்சிட்ட 140 கிராம் தட்டு, மோசமாக வெட்டிய 180ஐவிட எந்நாளும் மேல்.

2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பேனிங் நகரில் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்து, உலகில் லேக்கர் செய்த இரண்டே இடங்களில் ஒன்று போனது. அதற்குப் பிறகு அச்சுக்கூடங்கள் எவ்வளவு நெருக்கடியில் ஓடின என்பது தெரியும். அந்த நெருக்கடி, தாமதத்துக்குக் காரணமாகலாம். சோதனைத் தட்டைக் கேட்காமலே அச்சுக்கு ஒப்புதல் தருவதற்குக் காரணமாகாது. எங்களில் பலர் சென்னையிலும் கோலாலம்பூரிலும் டொராண்டோவிலும் உட்கார்ந்து இந்தத் தட்டுகளை வரவழைக்கிறோம். பழுதான தட்டைத் திருப்பி அனுப்பும் செலவு சில நேரம் தட்டின் விலையையே நெருங்கிவிடும். உங்கள் ஆலையில் பிடிபடாத பழுது எங்களோடு தங்கிவிடுகிறது.

மூலம் எது என்பதைச் சொல்லாமல் விடுவது தற்செயலா, திட்டமா என்று தெரியவில்லை. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் மாஸ்டர் டேப்கள் வைத்திருந்த கிடங்கு எரிந்தது. அதில் போனவற்றைப் பற்றிய விரிவான செய்தி 2019இல்தான் வெளியே வந்தது. 2022இல் மறுவெளியீட்டு நிறுவனமான மொபைல் ஃபிடெலிட்டியின் தட்டுகளில், முழு அனலாக் என்று வாங்கியவர்கள் நம்பியிருந்தவற்றில், டிஜிட்டல் படி ஒன்று இருந்தது தெரியவந்து வழக்கு வரை போனது. ஹிப் ஹாப்பில் இதை மறைக்க ஒரு காரணமும் இல்லை. 1990களில் ஏராளமான மிக்ஸ்கள் டாட் டேப்பில், அதாவது 16 பிட் டிஜிட்டலில்தான் இறங்கின. அதுதான் மூலம் என்றால் அதுதான் மூலம். 'டாட் டேப்பிலிருந்து, இந்த ஆண்டு, இன்னார் மாற்றினார்' என்று ஒரு வரி எழுதினால் மதிப்பு கூடும். மாஸ்டர் தொலைந்து, நல்ல நிலையிலிருந்த சிடியிலிருந்தே எடுத்திருந்தாலும் எழுதுங்கள். அதை மறைத்து 'அனலாக் இதம்' என்று விளம்பரம் செய்வதுதான் இழிவு.

பெயர்களுக்கு வருவோம். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி ட்ரம்மர்' பாடலில் கிளைட் ஸ்டபில்ஃபீல்ட் அடித்த சில வினாடித் தாளத்தின் மேல் எத்தனை ஹிப் ஹாப் பாடல்கள் நிற்கின்றன என்று எண்ண முடியாது. அதற்கான ராயல்டி அவர் கைக்கு வந்து சேரவில்லை, 2017இல் இறந்தார். எரிக் பி. & ரக்கிமின் 'லெட் தி ரிதம் ஹிட் எம்' (1990) தயாரிப்பில் ஒலிப் பொறியாளர் பால் சி.யின் கையும் லார்ஜ் ப்ரொஃபசரின் கையும் இருந்தன என்பது இன்று ஊரறிந்தது. வெளிவந்தபோது தயாரிப்பாளர் என்று அவர்கள் பெயர் உறையில் இல்லை. பால் சி. ஆல்பம் வருமுன்பே, 1989இல் கொல்லப்பட்டார். 'மிஸ்எஜுகேஷன்' வந்த சில மாதங்களிலேயே, அதில் வேலை செய்த நியூ ஆர்க் குழுவினர் தங்கள் பங்குக்குப் பெயர் தரப்படவில்லை என்று வழக்குப் போட்டு, 2001இல் சமரசமானது. ஆண்டுவிழாப் பதிப்பு என்பது இப்படிப்பட்ட கணக்கைத் தீர்க்கக் கிடைக்கும் வாய்ப்பு. பழைய உறையை அப்படியே ஸ்கேன் செய்து, எழுத்து மங்கலாக, விட்டுப்போன பெயர் விட்டுப்போனபடியே அச்சிடுகிறீர்கள்.

பெயர் போடுவது முடியாத காரியமும் அல்ல. லதா மங்கேஷ்கர் பாடிய பப்பி லஹிரியின் இந்திப் பாட்டு ஒன்றை எடுத்து, 2002இல் அமெரிக்கப் பாடகி ட்ரூத் ஹர்ட்ஸின் 'அடிக்டிவ்' வந்தது. லஹிரியின் பெயரைப் போடாமல் ஆல்பத்தை விற்கக் கூடாது என்று 2003 பிப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிபதி சொன்னால் முடிகிறது. நீதிபதி சொல்லாமலும் முடிய வேண்டும்.

தேதி. ஆண்டுவிழாவுக்கு ஆணிவேரே அதுதான், ஆனால் உங்கள் விளம்பரங்களிலேயே அது தடுமாறுகிறது. 1990களில் அமெரிக்காவில் ஆல்பங்கள் செவ்வாய்க்கிழமை வந்தன. வு-டாங்கின் '36 சேம்பர்ஸ்', ட்ரைபின் 'மிட்நைட் மரோடர்ஸ்' இரண்டும் வந்த 1993 நவம்பர் 9 செவ்வாய். 'இல்மாட்டிக்' வந்த நாளும் செவ்வாய். எனவே 1990களின் ஆல்பத்துக்கு ஞாயிறு, சனி என்று விழும் தேதியைக் கண்டால் நிறுத்தி விசாரிக்க வேண்டும். 1980களின் தேதிகள் இன்னும் வழுக்கும். 'இட் டேக்ஸ் எ நேஷன்' ஏப்ரலில் வந்தது என்பாரும் உண்டு, ஜூன் 28 என்பாரும் உண்டு. பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்த வெளியீட்டு நாள், ஆர்ஐஏஏ (அமெரிக்க ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கம்) தரும் விற்பனைச் சான்றிதழ்ப் பட்டியல், அந்த வாரத்து பில்போர்டு விளம்பரம், உங்கள் சொந்த அனுப்புகைக் குறிப்பு ஆகிய நான்கையும் ஒப்பிட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். நான்காவது உங்களிடம் மட்டுமே இருக்கிறது.

ஸ்ட்ரீமிங்கில் நடப்பது சத்தமில்லாத அழிப்பு. புது ரீமாஸ்டர் ஏறியதும் பழைய மாஸ்டர் காணாமல் போகிறது. கேட்பவருக்கு இரண்டையும் ஒப்பிட வழியில்லை. 1991 ஆல்பத்தின் கீழே மறுவெளியீட்டு ஆண்டு காட்டுகிறது. பாடல்களுக்கு நடுவே கேள்விபதில் விளையாட்டு போல நடக்கும் ஸ்கிட்டுக்கும் (குட்டி நாடகத்துக்கும்) அடுத்த பாடலுக்கும் நடுவே இல்லாத இடைவெளி விழுகிறது. கூடுதல் பாடல்களைக் கடைசிப் பாடலின் வாலிலேயே ஒட்டிவிடுகிறீர்கள். தயாரிப்பாளர் ஜே டில்லாவின் 'டோனட்ஸ்' (2006 பிப்ரவரி 7, அவருடைய 32ஆம் பிறந்தநாள், மூன்று நாளில் இறந்தார்) முடிவுரை என்ற பெயரில் தொடங்கி, கடைசித் துண்டின் முடிவு முதல் துண்டின் தொடக்கத்தில் போய்ச் சேரும்படி வட்டமாகக் கட்டப்பட்டது. அப்படிப்பட்ட ஒன்றின் பின்னால் மூன்று ரீமிக்ஸைத் தொங்கவிட்டால் வட்டம் அறுந்துபோகும்.

நாங்கள் கேட்பவை இவை.

ஒவ்வொரு ஆண்டுநிறைவுப் பதிப்பின் பின்னுறையிலும், வாங்குமுன் படிக்கக்கூடிய இடத்தில், மூலம் எது (டேப், டாட், கோப்பு), மாஸ்டர் செய்தவர் யார், வெட்டியவர் யார், எந்த ஆலையில் அச்சிட்டது என்று எழுதுங்கள். முதல் அச்சிலிருந்து நீக்கிய, மாற்றிய, திரும்ப வாசித்த பகுதிகளைப் பாடல் வாரியாகக் குறிப்பிடுங்கள். அப்படி மாற்றம் இருக்கும் பதிப்பில் 'ஒரிஜினல்' என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள்.

ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம் என்று எல்லை வையுங்கள். தாண்டினால் தட்டைக் கூட்டுங்கள். வினைலுக்குத் தனி மாஸ்டர். குறைந்தது இரண்டு சோதனைத் தட்டுகளைப் பொறியாளர் முழுக்கக் கேட்டுக் கையொப்பமிட்ட பிறகே அச்சு. கறுப்பு வினைல் எப்போதும் கிடைக்க வேண்டும். வெளிநாட்டு வாங்குநர் பழுதைப் படமோ ஒலிப்பதிவோ அனுப்பினால் தட்டைத் திருப்பிக் கேட்காமல் மாற்றுத் தட்டு அனுப்புங்கள்.

விட்டுப்போன தயாரிப்பாளர், பொறியாளர், இசைக்கலைஞர் பெயர்களை உயிரோடு இருப்பவர்களிடமும் மறைந்தவர்களின் குடும்பத்தாரிடமும் கேட்டுச் சேருங்கள். சாம்பிளில் ஒலிக்கும் வாத்தியக்காரர்களின் பெயரையும் சேருங்கள், ட்ரம்மரைத் தவறவிடாதீர்கள்.

ஸ்ட்ரீமிங்கில் பழைய மாஸ்டரை நீக்காமல் இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் வையுங்கள். முதல் வெளியீட்டு ஆண்டைக் காட்டுங்கள். கூடுதல் பாடல்கள் தனித் தொகுப்பாகட்டும்.

1998 செப்டம்பர் 29 செவ்வாய் அன்று அவுட்காஸ்டின் 'அக்வெமினி', மோஸ் டெஃப்–டாலிப் குவேலியின் 'பிளாக் ஸ்டார்', ஜே-ஸியின் 'வால்யூம் 2', ட்ரைபின் 'தி லவ் மூவ்மெண்ட்', பிராண்ட் நூபியனின் 'ஃபவுண்டேஷன்' என ஐந்தும் ஒரே நாளில் வந்தன. அவற்றின் முப்பதாம் ஆண்டு நாள் 2028 செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை. உலகம் முழுதும் புதிய வெளியீடுகள் வரும் கிழமை அது. 2026 செப்டம்பருக்குள் டேப்களைத் தேடி எடுத்து, 2027 மார்ச்சுக்குள் சாம்பிள் அனுமதிகளைத் திரும்பப் பேசி, 2027 இறுதிக்குள் லேக்கர் வெட்டி, 2028 பிப்ரவரிக்குள் சோதனைத் தட்டைக் கேட்டுவிட்டால், தேய்ந்த ஸ்டாம்பரை ஓட்ட வேண்டிய அவசரம் வராது. இந்த ஐந்திலும் உரிமை பல நிறுவனங்களிடம் பிரிந்து கிடக்கிறது என்பது தெரியும். அவரவர் பங்குக்கு இந்த அட்டவணையை ஏற்கிறீர்களா என்று பொதுவில் அறிவியுங்கள். ஏற்க முடியாத கோரிக்கை இருந்தால் அது எது, தடை பணமா, சட்டமா, தொலைந்த டேப்பா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
தட்டு வாங்குபவர்களும் ஓட்டுபவர்களும்